இழைப்புளியில் பதிந்த பெயர்

பழைய மர இழைப்புளியின் முன்முகம் ஒரு சிறு பதிவேடு. மேலைநாடுகளில் ஒரே பட்டறையில் தச்சர் பலர் வேலை செய்ததால், தம் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடாதிருக்க அவரவர் தம் பெயரை இரும்பு அச்சால் அதில் பதித்தனர். கருவி கைமாறும்போது புதியவரின் பெயரும் அருகே ஏறியது. ஊர்ப்பெயரோடு நடுவில் நிற்பது பெரும்பாலும் செய்தவரின் பெயர். வெவ்வேறு பட்டறைகளின் கருவிகளில் திரும்பத் திரும்ப வருவதோ வைத்திருந்தவரின் பெயர். பின்னர் உயில்களையும் ஆலயப் பதிவேடுகளையும் ஆராய்ந்து அப்பெயர்களுக்குரிய மனிதரைத் தேடுவர்.

இத்தேடல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பகுதியிலுள்ள ரெந்தம் என்னும் ஊரில் நம்மைத் திகைக்க வைக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த பிரான்சிஸ் நிக்கல்சன், அந்நாட்டில் இழைப்புளி செய்தவர்களுள் பதிவுகளால் அறியப்படும் முதல்வராகக் கருதப்படுகிறார். அவர் சபையின் திருத்தொண்டரும் ஆவார். அவரிடம் தொழில் கற்றவர் சீசர் செலர் என்னும் கறுப்பினத்தவர். கருவிக்கு உடைமையாளர் இருந்ததுபோல் செலருக்கும் ஓர் உடைமையாளர் இருந்தார், அவர் நிக்கல்சனே.

செலர் 1741இல் அவ்வூர்ச் சபையின் உறுப்பினரானார். அன்றுமுதல் ஆலயத்தில் அவர் சகோதரர். சட்டத்தின் முன் அவர் சொத்து. இந்நிலை 12 ஆண்டுகள் நீடித்தது. 1753இல் நிக்கல்சன் இறந்தபோது, அவருடைய உயில் செலரை விடுவித்தது. படுக்கை, வேலைமேசை, உளிகள், மரம், 10 ஏக்கர் நிலம் ஆகியவற்றையும் அவருக்கு அளித்தது. அதன்பின் 1784இல் இறக்கும்வரை செலர் தம் பெயரிலேயே தொழில் செய்தார். அவருடைய முத்திரை, பெயரோடு 'ரெந்தமில் வாழ்பவர்' என்றும் கூறுகிறது. நிக்கல்சனின் பெயர் தாங்கிய கருவிகளுள் எவை செலரின் கைவேலை என்பதை முத்திரையைக் கொண்டு கூற இயலாது.

ஓடிப்போன அடிமையாகிய ஒனேசிமை இனி அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்குமாறு புனித பவுல் பிலமோனுக்கு எழுதினார். அம்மடல் ரெந்தம் ஆலயத்திலும் இருந்த விவிலியத்தின் ஒரு பகுதியே. இதைப் பிற சபையாரின் குறையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மேரிலாந்து இயேசு சபையினர் 1838இல் 272 அடிமைகளை விற்றனர். நற்கருணைப் பந்தியில் அருகிருப்பவரை வேலைத்தளத்தில் உடைமையாகக் கருதுவது எளிதாகவே நிகழ்ந்துவிடுகிறது. நிக்கல்சன் தம் கையிலிருந்ததை இறுதியில் திருப்பித் தந்தார். ஆனால் அது தம் இறப்புக்குப் பின்னரே செயற்படுமாறு எழுதிவைத்தார்.

இன்று அந்த இழைப்புளிகளைத் தேடிச் சேர்ப்போர் செலரின் பெயரைப் பெருமதிப்போடு நோக்குகின்றனர். நம் ஆலயப் பீடங்களையும் இருக்கைகளையும் செய்த தச்சருள் எத்தனை பேரின் பெயர் நம் பங்குப் பதிவேடுகளில் உள்ளது? நன்கொடையாளரின் பெயர் கல்லில் இருக்கிறது. உழைத்தவரின் பெயரை, அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே நாம் கேட்டு எழுதிவைக்கலாம்.