ஐந்தாவது சக்கரத்தின் கதை

தேவையற்ற ஒன்றை 'வண்டிக்கு ஐந்தாவது சக்கரம்' என்று ஏளனஞ் செய்வது ஆங்கிலேயர், ஜேர்மனியர் வழக்கம். ஆனால், குதிரை வண்டியின் முன் அச்சு இருபுறமும் திரும்புவதற்காக அதன்மேல் கிடையாகப் பொருத்தப்பட்ட இரும்பு வளையத்துக்கும் அதுவே பெயர். வண்டி சீராகத் திரும்ப அவ்வளையம் உதவும்.

1914 இல் டெட்ராயிட் நகரக் கொல்லர் ஓகஸ்ட் ஃபுரூஹோஃப், மரவியாபாரி ஒருவரின் படகை ஃபோர்ட் காரில் பூட்டி இழுத்துச் செல்ல இழுவை வண்டியொன்றைச் செய்து கொடுத்தார். பெரும் லொறித் தொழிலுக்கு அது வித்தாயிற்று. 1920களின் பிற்பகுதியில் விமானத்துறை முன்னோடி கிளென் கேர்ட்டிஸ் 'ஏரோகார்' என்னும் பயண வீட்டு வண்டியை உருவாக்கினார்.

இன்று அமெரிக்கர் இத்தகைய வீடுகளை பிக்கப் வாகனங்களில் பூட்டுகின்றனர். இணைப்பி பின் அச்சுக்கு நேர்மேலோ சற்று முன்னாலோ அமைய வேண்டும். பின்தள்ளினால் முன் சக்கரங்களின் பாரம் குறைந்து ஸ்டியரிங்கின் பிடி தளரும். எட்டடித் தட்டில் இதற்குப் போதிய இடமுண்டு. ஐந்தரை, ஆறரை அடித் தட்டிலோ இணைப்பி சாரதி அறையை நெருங்கிவிடுகிறது. எட்டடி அகலமான வீடு செங்கோணத்தில் திரும்புகையில், அதன் பக்கம் சுழல் மையத்திலிருந்து நான்கு அடி முன்னே வரும். பின் கண்ணாடி நொறுங்கும்.

ஆகவே வந்தது நகரும் இணைப்பி. ஒருவகையை, திரும்புமுன் சாரதியே நெம்புகோலை விடுவித்துப் பின்னகர்த்த வேண்டும். மற்றது திருப்பத்தில் தானாகவே பின்னகரும். விலையும் எடையும் அதிகம். நெருக்கடியான இடத்தில், இருள் சூழும் வேளையில், களைத்த சாரதி நெம்புகோலை மறப்பது இயல்பே. எனவே வசதியுள்ளவர் தானியங்கி வகையைத் தேர்வதே நன்று என்பேன்.