பிறக்காத பிள்ளைகளுக்கு யார் ஓட்டுப் போடுவது?

வேளாங்கண்ணி இருக்கும் அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் கீழ்வெண்மணியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய சேரியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சாம்பலைப் பார்த்துத்தான் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்த மண்ணில் வேலை செய்ய வந்தார்கள். 1981இல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் எழுதி வைத்தார்கள்.

பத்தாண்டுகள் கழித்து இந்தக் கடற்கரைக்கு இறால் பண்ணைகள் வந்தன. குளங்களில் தேக்கிய உப்பு நீர் பக்கத்து வயலுக்குள் இறங்கியது, குடிதண்ணீர் கரித்தது. நடவுக்கும் அறுப்புக்கும் ஊரே இறங்கிய நிலத்தில் இறால் குளத்துக்கு நாலைந்து காவலாட்கள் போதும். நிலம் விற்றவருக்குப் பணம் கிடைத்தது. கூலிக்குப் போன நம் மக்களுக்கு என்ன கிடைத்தது?

ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது, இருப்பவற்றை அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தர வேண்டும். கடலோரத்தில் இனி எந்தப் பண்ணைக்கும் அனுமதி தருமுன் தலைமுறைகளுக்கு இடையேயான சமநீதியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் இந்த மண்ணில் பங்கு உண்டு என்பதே அதன் பொருள்.

நாடாளுமன்றம் என்ன செய்தது? 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1991ஆம் ஆண்டின் கடலோர அறிவிக்கை இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தாது என்று முன்தேதியிட்டே எழுதிக்கொண்டது. தீர்ப்பின் அடித்தளமே போனது. சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டு போன மறு ஆண்டு அது.

ஓட்டு இல்லாதவர்களுக்காக வேறொருவர் பேசுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலத்தில் நம் முன்னோர்கள் அப்படித்தான் இருந்தார்கள். 1919இல் சவுத்பரோ குழு முன் அம்பேத்கர் வாதாடியது இதற்காகத்தான். இன்று நமக்கு ஓட்டு இருக்கிறது. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதியாகவும் இருக்கிறது. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலுக்கு, ஐம்பது ஆண்டு கழித்து உழப்போகிறவளின் குரல் கேட்பதில்லை.

ஹங்கேரி 2007இல் வருங்காலத் தலைமுறைகளுக்கென்றே ஒரு குறைதீர்ப்பாளர் பதவியைச் சட்டமாக்கியது. வேல்ஸ் 2015இல் தனிச்சட்டமே இயற்றி அதற்கொரு ஆணையரை வைத்தது. நம் நாட்டிலும் அப்படியொரு பதவி வேண்டும். ஆனால் அதில் யார் உட்காருவது என்பதையும் இப்போதே கேட்டாக வேண்டும். மிராசுதாரரின் பேரன் உட்கார்ந்தால் அவன் காக்கப்போவது தன் பேரனின் சொத்தை.

அதுவரை நம் கையில் இருப்பது இரண்டு: பெண்கள் பெயரில் உள்ள பட்டா, கிராம சபைத் தீர்மானம். பட்டாவை விற்காமல் வைத்திருப்பதும், கிராம சபையில் எழுந்து பேசுவதும்தான் பேத்திக்காக நாம் இன்றைக்குப் போடும் ஓட்டு.