அனுப்பியவர் யார்?

மின்மடலுக்கும் உறை உண்டு என்றால் என் மாணவர்கள் சிரிக்கிறார்கள். உண்டு. 1982-இல் வகுக்கப்பெற்ற எஸ்எம்டிபி நெறிமுறையிலேயே உறைமீதுள்ள அனுப்புநர் முகவரி வேறு, மடலின் தலைப்பிலுள்ள பெயர் வேறு. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஒரு மடலைப் பலருக்கும் பகிர்ந்தனுப்பும் மெயில்மேன் என்னும் மென்பொருள் முதலில் தலைப்பைப் பார்க்கிறது, அடுத்து உறையை, பின்னர் மறுமொழிக்கான முகவரியை. ஏதேனும் ஒன்று உறுப்பினருடையதாயின் உள்ளே விடுகிறது. தாராள மனமுள்ள வாயிற்காவலன்!

தலைப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கல்வெட்டறிஞர்கள் நன்கறிவர். ‘கோனேரின்மைகொண்டான்’ எனத் தொடங்கும் அரசாணைகள் பல. தனக்கு நிகரான கோன் இல்லாதவன் என்பது பொருள். ஆனால் அந்த நிகரற்றவர்களோ பலர்! சோழரும் பாண்டியரும் கொங்குச் சோழரும் இப்பெயரைச் சூடிக்கொண்டனர். எனவே ஆணை விடுத்த அரசன் யாரென்று தெளிய, கீழே ‘இவை இன்னார் எழுத்து’ என ஒப்பமிட்ட அதிகாரிகளின் பெயர்களைத் துருவ வேண்டியிருக்கிறது. ஒரு கோயிலின் காலக்கணிப்பே சில வேளைகளில் அந்தக் கடைசி வரியைப் பற்றி நிற்கிறது.

எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கலாக இருந்திராது. போசள நாடு இரண்டாகப் பிரிந்தபோது இப்பகுதி இராமநாதன் பங்காயிற்று. பிற்காலத்தில் அவன் இருந்தாண்டது குந்தாணியில். அவனுக்கும் அவன் மகனுக்கும் பின் மூன்றாம் வல்லாளன் இரு பங்கையும் ஒன்றாக்கினான். 1301-இல் அவன் விடுத்த தமிழ் ஆணை, குந்தாணி இராச்சியம், முரசு நாடு, குவளால நாடு முதலிய பல நாடுகளின் தானபதிகளுக்கும் மடபதிகளுக்கும் ஒருசேர விளிக்கிறது. கோயில்களுக்குரிய ஊர்களில் தறியிறை உள்ளிட்ட வரிகளை நீக்குவது அதன் செய்தி. குவளாலம் என்பது இன்றைய கோலார். மாநில எல்லை வந்தது மிகப் பிந்தித்தான்.

நேற்றுவரை வேறொரு கிளையின் ஆட்சி. இன்று வரி வேண்டாம் என்பவன் யார் என்று கேட்கத் தோன்றாதா? வல்லாளன் பொதுப்பெயருக்குள் ஒளியவில்லை. போசள வீரவல்லாளன் எனத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான்.

ஆயினும் கோயில்களில் நமக்குக் கிடைப்பவை படிகளே. ஓலையில் கையெழுத்து ஒருவருடையது. கல்லிலோ அரசன் பெயரும் அதிகாரியின் ‘எழுத்தும்’ ஒரே தச்சனின் உளியில் பிறந்தவை. மின்மடலுக்கும் இதே கதி 2014 ஏப்ரலில் நேர்ந்தது. தன் முகவரியைத் தாங்கி வேறு வழங்கியிலிருந்து வரும் மடல்களை ஏற்கவேண்டாம் என யாஹூ அறிவிக்க, மடற்குழுக்களின் படிகள் திரும்பி வந்தன. அதன்பின் பல குழுக்கள், எழுதியவரின் முகவரியை நீக்கித் தம் முகவரியையே தலைப்பில் பொறிக்கலாயின.