கரியவன் வெளிறிய கதை

பொருநைக் கரையில் திருக்குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரி அமைந்துள்ளது. நம்மாழ்வார் அங்கே புளியமரத்தடியில் வீற்றிருந்தார் என்பது மரபு. அவர் அருளிய திருவாய்மொழியில் திருமால் கார்முகில் வண்ணனாகப் பலமுறை காட்சி தருகிறான். கிருஷ்ணன் என்னும் சொல்லுக்கே கரியவன் என்பதுதான் பொருள். திரௌபதிக்கும் கிருஷ்ணை என்ற பெயர் உண்டு. அத்தகைய கரிய மேனி வெள்ளித்திரையில் வெளிறிப் போனது எவ்வாறு?

1910-ஆம் ஆண்டில் தாதாசாகிப் பால்கே பம்பாயில் ஒரு மேனாட்டுப் படத்தைக் கண்டார். அது இயேசுபிரானின் வரலாறு. நம் தெய்வங்களையும் இவ்வாறு திரையில் காணலாகாதா என்ற ஏக்கம் அவருள் பிறந்தது. 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. இயேசுபிரான் பிறந்ததோ மேற்காசியாவில். ஐரோப்பிய ஓவியரோ அவரைத் தம் இனத்தவராகவே தீட்டினர். மேனாட்டுத் திரையும் அவ்வழியே சென்றது. அவர்கள் தெய்வத்தைத் தம் சாயலுக்கு மாற்றிக்கொண்டனர். நாமோ, நம் சாயலில் இருந்த தெய்வத்தையே வேற்றுச் சாயலுக்கு மாற்றினோம்!

இதற்குக் காரணங்கள் பல. ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் மேனாட்டு எண்ணெய் வண்ண முறையை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த தெய்வ உருவங்கள், சிவகாசி நாட்காட்டிகளாகப் பரவின. மேலும், தொடக்கக் காலப் படச்சுருள் செந்நிற ஒளியை உணராது. மாநிற முகம் அதில் இன்னும் இருண்டு தோன்றும். ஆதலால் நடிகர் முகத்தில் ஒப்பனைப்பூச்சை அப்பினர். வண்ணப்படம் வந்தபின் கருமைக்கு மாற்றாக நீலம் வந்தது. 1964-இல் வெளிவந்த 'கர்ண'னில் என். டி. ராமராவ் நீலம் படிந்த கண்ணனாகவே தோன்றினார்.

நீலம் மரபுக்குப் புறம்பானதன்று. கடல்வண்ணன் என்றும் பெரியோர் பாடினர். ஆயினும் கருமை அரக்கர்க்கே உரியது என்னும் எண்ணம் வேரூன்றியதுதான் கேடு. பள்ளி நாடகத்தில் சிவந்த சிறுவனுக்குக் கண்ணன் வேடமும், கரிய சிறுவனுக்குக் கம்சன் வேடமும் தருகிறோம். அச்சிறுவன் அன்று கற்கும் பாடம் எந்த நூலிலும் இல்லாதது. ஆயினும் வாழ்நாள் முழுதும் அவன் அதை மறப்பதில்லை.

மாணவர்களே, திருக்குருகூர்க்குச் செல்லும்போது அங்கே கேட்கும் பாசுரங்களைச் செவிமடுத்துப் பாருங்கள். ஆழ்வார் உருகி நின்றது அந்தக் கரிய நிறத்தைக் கண்டே அன்றோ? அடுத்த நாடகத்திற்கு வேடம் வகுக்கும்போது அதனை நினைவிற் கொள்ளுங்கள்.