நாயின் தட்டில் பச்சைக் கறி: பழைய வழக்கமா, புது யோசனையா?

நாய் வளர்க்கிற ரெண்டு பேர் சந்தித்தால் இப்போதெல்லாம் ஒரு விவாதம் கட்டாயம் வந்துவிடும். "நான் பச்சைக் கறிதான் போடறேன். கோழிக் கழுத்து, ஈரல், எலும்பு. ஓநாய் என்ன பாக்கெட்டைப் பிரிச்சா சாப்பிட்டது?" என்பார் ஒருவர். "டாக்டர் பாக்கெட் சாப்பாடு போதும்னு சொல்லிட்டாரே" என்பார் இன்னொருவர். நடுவில் வீட்டுப் பெரியவர் ஒருவர் புகுந்து, "எங்க காலத்துல மிச்சச் சோறுதான். நாய் நல்லாத்தானே இருந்தது?" என்று முடித்துவைப்பார்.

கவனிச்சீங்களா? ஓநாய் ஆளும் சரி, மிச்சச் சோறு ஆளும் சரி, வரலாற்றைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அதனால் இந்த எபிசோடில் அந்தச் சாட்சியைக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன். நாயின் தட்டில் உண்மையில் என்ன இருந்தது? அதை யார், எப்போது மாற்றினார்கள்?

ரோமானிய இடையனின் நாய்

கிமு 37-இல் வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் விவசாயம் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்போது அவருக்கு எண்பது வயது. அதில் ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்க்கு என்ன போடுவது என்று சொல்கிறார்: பாலில் ஊறவைத்த பார்லி ரொட்டி. கூடவே எலும்பு ரசம், உடைத்த எலும்பு. எலும்பு கடித்தால் பல் உறுதியாகும் என்கிறார். ஆனால் செத்த ஆட்டின் கறியை மட்டும் போடவே கூடாதாம். ஏன்? ருசி கண்டுவிட்டால் காவல்காரனே திருடனாகிவிடுவான்!

அவருக்குச் சுமார் நூறு வருடம் கழித்து எழுதிய கொலுமெல்லாவும் இதே வழிதான். மாடு ஆடு இருக்கிற பண்ணையில் பார்லி மாவும் மோர்த் தண்ணீரும். அது இல்லாத பண்ணையில் ரொட்டியும், அவரை வேகவைத்த தண்ணீரும், அதுவும் வெதுவெதுப்பாக. கேட்கும்போது நம்ம ஊர் கூழ் மாதிரியே இல்லை?

வேட்டை நாய்களின் கதை வேறு. இடைக்கால ஐரோப்பாவில் மான் வேட்டை முடிந்ததும், அந்த மானின் தோலையே விரித்து, அதன் மேல் குடலையும் ரத்தத்தில் நனைத்த ரொட்டியையும் நாய்களுக்குப் படைப்பார்கள். கவனிங்க, பிரபுக்களின் அந்த விருந்திலும் ரொட்டி இருக்கிறது. மனிதன் எதை நிறைய விளைவித்தானோ, அதில் ஒரு பங்கு நாய்க்கும் போனது. கறி கிடைத்த நாள் திருவிழா.

மின்னல் தாங்கி விற்க வந்தவர்

நாய்க்கென்றே கடையில் ஒரு சாப்பாடு வாங்கலாம் என்ற யோசனை 1860-களின் லண்டனில் பெரிதாகக் கிளம்பியது. அதைக் கிளப்பியவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். மின்னல் தாங்கி விற்பதற்காக லண்டன் வந்தவர் என்பார்கள். துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய கல் போன்ற கப்பல் பிஸ்கட்டைத் தெருநாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைப் பார்த்தார், அங்கேதான் பொறி தட்டியது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, சரக்கு நிஜம்: கோதுமை மாவு, பீட்ரூட், காய்கறி, கொஞ்சம் உலர்ந்த மாட்டிறைச்சி. எல்லாம் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்.

அந்த இறைச்சி அமெரிக்கப் புல்வெளி மாடுகளிலிருந்து வருகிறது என்று விளம்பரம் செய்தார்கள். யார் வாங்கினார்கள்? வேட்டை நாய், கண்காட்சி நாய் வைத்திருந்த வசதியான ஆட்கள். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர் சார்லஸ் க்ரஃப்ட். அவர்தான் 1891-இல் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி தொடங்கினார். இன்றைக்கும் உலகப் புகழோடு நடக்கும் 'க்ரஃப்ட்ஸ்' அதுதான். நாய் பிஸ்கட்டும் நாய் கண்காட்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 'இது சாதாரண நாய் இல்லை, இதற்குச் சாதாரணச் சாப்பாடும் கூடாது' என்ற எண்ணம் இங்கே வேர் பிடிக்கிறது.

குதிரை, டப்பா, எந்திரம்

அடுத்த கட்டம் அமெரிக்காவில். முதல் உலகப் போர் முடிந்ததும் காரும் டிராக்டரும் பெருகின, குதிரைகளுக்கு வேலை போனது. 1922-இல் 'கென்-எல் ரேஷன்' என்ற பெயரில் டப்பாவில் அடைத்த குதிரைக் கறி நாய்களுக்காகச் சந்தைக்கு வந்தது. மனிதனுக்குத் தேவைப்படாத குதிரை, நாய்க்கு டப்பா உணவானது.

பிறகு இரண்டாம் உலகப் போர். தகரம் ராணுவத்துக்கு வேண்டும் என்பதால் நாய் உணவு டப்பாக்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. உலர் உணவு மறுபடி தலையெடுத்தது. 1950-களில் ப்யூரினா நிறுவனம் காலை உணவுத் தானியம் செய்யும் எந்திரத்தை நாய் உணவுக்குத் திருப்பியது. மாவு, இறைச்சித் தூள், தண்ணீர் எல்லாவற்றையும் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, ஒரு சின்னத் துளை வழியாகத் தள்ளுவார்கள். வெளியே வந்ததும் பொரி மாதிரி உப்பும். நாம் கொறிக்கிற மக்காச்சோளப் பஃப் தயாராகிற முறையும் இதுதான். இன்றைக்குக் கடையில் பார்க்கிற கிப்பிள் இப்படிப் பிறந்ததுதான்.

சரக்கு தயார், பழக்கத்தை மாற்ற வேண்டாமா? 1960-களில் அமெரிக்கச் செல்லப்பிராணி உணவுத் தயாரிப்பாளர்களின் சங்கம் ஒரு பெரிய பிரசாரமே நடத்தியது. சாப்பாட்டு மேசை மிச்சத்தைப் போடாதீர்கள், அது நாய்க்கு ஆபத்து என்பதுதான் சாரம். நாய் மனிதனோடு சேர்ந்த நாள் முதல் தின்று வந்த ஒன்று, ஒரே தலைமுறையில் 'தவறான உணவு' ஆகிவிட்டது. அதே சமயம் ஒன்றையும் மறுக்க முடியாது: வைட்டமின், கால்சியம் எல்லாம் கணக்குப் பார்த்துச் சேர்த்த உணவு சாதாரண வீட்டு நாய்க்கும் கிடைக்க ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு எதிர்க்குரல்

1993-இல் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாய்க்கு எலும்பைக் கொடுங்கள் என்பதே தலைப்பின் பொருள். பாக்கெட் உணவால்தான் நாய்களுக்கு இத்தனை நோய் என்றார். தட்டில் பெரும்பங்கு சதை ஒட்டிய பச்சை எலும்பு, மீதி உள்ளுறுப்பு, அரைத்த பச்சைக் காய்கறி. இந்த முறைக்கு 'பார்ஃப்' என்று பெயர் நிலைத்தது. எலும்பும் பச்சை உணவும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதே சொல்லுக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் வாந்தி என்றும் அர்த்தம்! அப்படியிருந்தும் பரவியது.

2007-இல் அந்தக் குரலுக்குப் பெரிய பலம் கிடைத்தது. அந்த மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் சுமார் 6 கோடி டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தது. பரிசோதனையில் புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்கான கலப்படம் அது. நாய், பூனைகளின் சிறுநீரகத்தில் படிகங்கள் உருவாகின, பல இறந்தன. பல பிராண்டுகளின் சரக்கு ஒரே ஆலையில் தயாரானது என்பது அன்றைக்குத்தான் நிறையப் பேருக்குத் தெரிந்தது. 'நானே கண்ணால் பார்த்து வாங்கின கறியை நானே போடறேன்' என்று ஒருவர் முடிவெடுத்தால், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

ஓநாயின் சாட்சி

ஆனால் 'நாய் என்பது ஓநாய்தான்' என்ற வாதம்? அதற்குப் பதில் 2013-இல் வந்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தது. ஏறத்தாழ 7,000 வருடப் பழைய ஐரோப்பிய நாய் எலும்புகளிலும் இந்தப் பெருக்கம் தெரிகிறது. விவசாயியோடு வாழ்ந்து, அவன் போட்ட தானியத்தைத் தின்று, நாயின் உடம்பே மாறிவிட்டது. வர்ரோவின் பார்லி ரொட்டிக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கு.

இன்னொரு சுவாரசியம்: பில்லிங்ஹர்ஸ்ட்டின் சொந்த நாட்டில் திரியும் டிங்கோவுக்கு ஓநாய் மாதிரியே இரண்டு பிரதிதான். அதன் முன்னோர்கள் விவசாயிகளின் வாசலைவிட்டு விலகிக் காட்டில் வாழ்ந்தன. உங்க வீட்டு லாப்ரடாரின் முன்னோர்கள் வாசலிலேயே படுத்துக் கிடந்தன.

இதனால் கறி கூடாது என்று அர்த்தம் இல்லை. நாய் கறியை ஆசையாகத் தின்னும், நன்றாகச் செரிக்கும். 'சோறு, தானியம் நாய்க்கு இயற்கைக்கு விரோதம்' என்ற வாதம் மட்டும்தான் இங்கே விழுகிறது.

தட்டைச் சுற்றி யார் இருக்கிறார்கள்?

பச்சைக் கறியில் எனக்கு இருக்கிற கவலை நாயின் வயிற்றைவிட வீட்டைப் பற்றியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை, கடையில் விற்ற 196 பச்சை உணவு மாதிரிகளைச் சோதித்தது. 15-இல் சால்மொனெல்லா, 32-இல் லிஸ்டீரியா. 2012-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பச்சை இறைச்சி உணவைத் தவிர்க்கச் சொன்னது. சால்மொனெல்லா உள்ளே போன நாய் துள்ளிக் குதித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அதன் மலத்தில் கிருமி வெளியேறும். தரையில் தவழும் குழந்தை, கர்ப்பிணி, கீமோ எடுத்துக்கொள்ளும் பாட்டி, எல்லாரும் அதே வீட்டில்தானே இருக்காங்க? ஃப்ரீசரில் வைத்தாலும் இந்தக் கிருமிகள் முழுசாகச் சாகாது.

ரோமானிய நாய் ஆட்டுப் பட்டியில் படுத்தது. நம்ம நாய் நம்ம மெத்தையில் படுத்து, முகத்தை நக்குகிறது. வரலாற்றைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் இந்த மாற்றத்தையும் சேர்த்துச் சொல்லணும்.

அதனால் பாக்கெட்தான் கதி என்று நான் சொல்லவில்லை. வீட்டிலேயே செய்துபோட ஆசையா, கறியை வேகவைத்துப் போடுங்க. வெறும் கறியும் சோறும் மட்டும் என்றால் கால்சியம் போன்றவை குறையும், குட்டிகளுக்கு அது எலும்பைப் பாதிக்கும். அளவுகளை ஒரு கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்க. வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம். அது ஊசியாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். பச்சை உணவுக்காரரும் அதை எதிர்ப்பவரும் சண்டை போடாமல் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான்.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம். உங்க நாய்க்கும் என் வணக்கம்.