நெல்வயலும் நிகழ்தகவும்

காவிரிப் படுகையில் புதிய நெல்வகை ஒன்று வருங்கால் உழவர் வினவுவது ஒன்றே: மாவுக்கு இது பழைய நெல்லினும் மிகுதியாகக் காணுமா? ஒரு போகத்து விளைவு மட்டும் இதற்கு விடையாகாது. தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒத்த நீர் பெறுவதில்லை. மண்ணின் திறமும் வயலுக்கு வயல் வேறுபடும். எனவே, கண்ட மிகை விதையால் வந்ததோ நிலத்தால் வந்ததோ எனத் தெளிதல் வேண்டும். இதற்கெனப் புள்ளியியலார் கண்ட இரு நெறிகளை ஈண்டு ஒப்பிட்டு ஆராய்வோம்.

இவற்றுள் மூத்தது பேய்ஸ் நெறி. 1761-இல் மறைந்த ஆங்கிலச் சமயகுரு தாமஸ் பேய்ஸ் எழுதிவைத்த கட்டுரையை அவர் நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763-இல் வெளிவரச் செய்தார். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் அதனை விரிவாக்கினார். சான்று கிடைக்குமுன் உள்ள நம்பிக்கையை முன் நிகழ்தகவாகக் கொண்டு, சான்றின் வலிமையால் அதனைத் திருத்திப் பின் நிகழ்தகவு காண்பதே இந்நெறி.

முன் நிகழ்தகவு ஆள்தோறும் வேறுபடும் என இதனை மறுத்தவர் ரொனால்ட் ஃபிஷர். 1919-இல் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திற் சேர்ந்த அவர், 1925-இல் வெளியிட்ட நூலால் மிகைகாண் சோதனையைப் பரப்பினார். இரு நெல்லுக்கும் வேறுபாடு இல்லை எனக் கொள்வது இன்மைக் கருதுகோள். அது மெய்யாயின், கண்ட அளவோ அதனின் மிக்க அளவோ வேறுபாடு தற்செயலாய்த் தோன்றும் நிகழ்தகவு யாது எனக் கணக்கிடுவர்; அது நூற்றுக்கு ஐந்தினும் குறையின் கருதுகோளைத் தள்ளுவர். நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933-இல் இதற்கு வேறோர் அடிப்படை வகுத்தனர்.

வயலிற் பிறந்த இச்சோதனை இந்திய வயல்களுக்கும் வந்தது. 1931-இல் மகலநோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். பான்சேயும் சுகாத்மேயும் வேளாண் ஆய்வாளர்க்கு எழுதிய நூல் 1954-இல் வெளிவந்தது. தஞ்சைப் பகுதியிலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதலே பணியாற்றி வந்தது. 1960-இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தஞ்சைக்கு வந்தபின், அந்நிலையத்தின் ஆடுதுறை 27 குறுவைப் பருவத்திற் பெரிதும் பரவியது. ஆய்வு நிலையத்தின் ஒரு முடிவு ஆயிரக்கணக்கான வேலி நிலத்தின் விதையை மாற்ற வல்லது. அது பிழைப்பின் இழப்பு உழவர்க்கே.

அப்பிழையின் அளவு நூற்றுக்கு ஐந்து எனப் பலர் எண்ணுவர், அஃது அன்று. 200 புதிய கலப்பு வகைகளுள் 20 மட்டுமே உண்மையில் மேம்பட்டவை எனக் கொள்வோம். மேம்பட்டவற்றுள் நூற்றுக்கு எண்பதைக் கண்டறியும் சோதனை, 20-இல் 16-ஐத் தேரும். எஞ்சிய 180-இல் நூற்றுக்கு ஐந்து வீதம் 9 தவறாகத் தேர்வுறும். தேர்ந்த 25-இல் 9 பொய். அஃதாவது நூற்றுக்கு 36. மேம்பட்டவை 100 எனின், 80 மெய்யும் 5 பொய்யும் தேர்வுறும். பொய் நூற்றுக்கு ஏறத்தாழ 6. சோதனை ஒன்றே, முன்னிலை வேறானமையின் முடிவின் உறுதியும் வேறாயிற்று. இன்மைச் சோதனை, வேறுபாடு இல்லையாயின் சான்று எத்துணை அரிது என்றே கூறும். சான்று கண்டபின் வேறுபாடு எத்துணை நம்பத்தக்கது என்பதே உழவர் வினா. அதற்கு நேரே விடை தருவது பேய்ஸ் நெறியே.

ஃபிஷரின் தடை புறக்கணிக்கத் தக்கதன்று. முன் நிகழ்தகவை மனம் போனவாறு கொள்வோன் தன் விருப்பத்தையே முடிவாகக் காண்பான். ஆயினும், முந்திய கலப்புகளின் பதிவுகள் இருக்குமிடத்து முன்னறிவு வெறும் விருப்பமாகாது. அதனை வெளிப்பட எழுதிவைத்தால் பிறர் மாற்றியும் கணித்து நோக்கலாம். 1990-க்குப் பின் கணிப்பொறி வளர்ச்சியால் அக்கணக்கும் எளிதாயிற்று. 2016-இல் அமெரிக்கப் புள்ளியியற் சங்கமும், ஐந்து விழுக்காட்டெல்லை ஒன்றையே கொண்டு முடிவு செய்தல் தகாது என அறிவுறுத்தியது.

இவ்வறிவுரை தமிழாய்வார்க்கும் உரியது. கல்வெட்டுப் பெயர் பலவற்றை இலக்கியப் பெயர் பலவற்றோடு ஒப்பிடின், சில தற்செயலாகவே ஒத்துவரும். ஒப்பிட்டவை எத்துணை, பொருந்தாது விடப்பட்டவை எத்துணை எனக் கூறாமல், பொருந்தியவற்றை மட்டும் காட்டி இருவரும் ஒருவரே எனத் துணிதல் ஆடுதுறை வயலில் ஒரு போகங் கண்டு விதை மாற்றுதலை ஒக்கும். சான்றோடு முன்கொள்கையையும் முன்வைத்து ஆராய்தலே முறையென்பது நம் துணிபு.