பினைல்கீட்டோனூரியா: நோயறிதலும் காலமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பினைல்கீட்டோனூரியா என்னும் மரபுவழிக் குழந்தை நோயின் வரலாற்றை 1934 முதல் 1983 வரை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்நோயைப் பொறுத்தவரை, காரணத்தை அறிந்ததைவிட அதை உரிய காலத்தில் அறிந்ததே குழந்தைகளைக் காத்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பினைல்அலனின், மரபணு, நொதி, பச்சிளங்குழவிப் பரிசோதனை

முன்னுரை

புரத உணவிலுள்ள பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி டைரோசினாக மாற்றுகிறது. அந்நொதி செயற்படாதபோது பினைல்அலனின் குருதியில் மிகுந்து, வளரும் மூளையைத் தாக்குகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்வுற்ற மரபணுவைப் பெறும் குழந்தைக்கே நோய் தோன்றும். ஆதலால், நலமுடன் வாழும் பெற்றோர்க்கும் இந்நோயுள்ள குழந்தை பிறத்தல் கூடும்.

தாயின் ஐயம்

நார்வே நாட்டுத் தாயொருவர், அறிவுவளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளிடமும் ஒருவகை நாற்றம் இருப்பதைக் கண்டு, அதன் காரணத்தைப் பல மருத்துவரிடம் வினவினார். இறுதியில் ஒஸ்லோவில் பணியாற்றிய ஆஸ்பியோர்ன் ஃபோலிங் அக்குழந்தைகளின் சிறுநீரை ஆராய்ந்தார். பெரிக் குளோரைடு சேர்த்தபோது அது எதிர்பாராத வகையில் பச்சை நிறமாயிற்று. அதற்குக் காரணமான பினைல்பைருவிக் அமிலத்தை அவர் பிரித்தெடுத்து, 1934இல் தம் முடிவை வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் லயனல் பென்ரோஸ் இந்நோயின் மரபுவழித் தன்மையை விரிவாக ஆராய்ந்தார். நொதியின் குறைபாட்டை ஜார்ஜ் ஜெர்விஸ் 1953இல் மெய்ப்பித்தார்.

உணவே மருந்து

அதே 1953இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கல், ஜான் ஜெரார்ட், ஈவ்லின் ஹிக்மன்ஸ் ஆகியோர் பினைல்அலனின் குறைந்த உணவைச் சிறுமி ஒருத்திக்கு அளித்ததன் பயனை வெளியிட்டனர். ஓயாது அழுத அச்சிறுமி தவழவும் நிற்கவும் கற்றாள். இம்மாற்றம் உணவால் நேர்ந்ததே என்பதை உறுதிசெய்ய, தாய்க்குத் தெரிவியாமல் உணவில் பினைல்அலனின் சேர்க்கப்பட்டது. சிறுமியின் நிலை விரைவில் சீர்கெட்டது. இச்சான்று மருத்துவத்திற்கு வலுவூட்டியது. எனினும் ஒப்புதல் பெறாத இச்செயல் இன்றைய ஆய்வறத்திற்குப் பொருந்துவதன்று. மேலும், முன்பே விளைந்த மூளைப் பாதிப்பை உணவால் முழுதும் நீக்க இயலவில்லை.

குருதித்துளியும் சட்டமும்

சிறுநீர்ப் பரிசோதனை, பிறந்து சில வாரங்கள் கழிந்த பின்னரே நோயைக் காட்டியது. இத்தாமதத்தை நீக்கியவர் அமெரிக்கரான ராபர்ட் கத்ரி. குதிகாலிலிருந்து எடுத்த குருதித்துளியை வடிதாளில் உலர்த்தி, பாக்டீரியாவின் வளர்ச்சியைக்கொண்டு பினைல்அலனின் அளவை மதிப்பிடும் எளிய முறையை அவர் வகுத்தார். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பச்சிளங்குழவிகளுக்கு இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அறிகுறி தோன்றுமுன்பே சிகிச்சையைத் தொடங்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

முடிவுரை

சேவியோ வூ குழுவினர் 1983இல் இந்நொதிக்குரிய மனித மரபணுவை நகலாக்கிய செய்தியை வெளியிட்டனர். அதனால் பிறழ்வைத் தாங்குவோரை இனங்காணவும் பிறப்பிற்கு முன்பே நோயை அறியவும் வழி பிறந்தது. ஆயினும் உணவுமுறைச் சிகிச்சை அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே அமைந்துவிட்டது. மரபுவழி நோய் மாற்றவியலாத விதி அன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. முதன்முதலில் காரணம் அறியப்பட்ட ஒஸ்லோக் குழந்தைகள் இருவருக்கும் அவ்வறிவு பயன்படவில்லை. அவர்தம் தாய் எழுப்பிய வினாவின் பயனைப் பின்வந்த தலைமுறைக் குழந்தைகளே பெற்றனர்.